நிறை குறைந்தால் அமுக்கம் குறையுமா?



குருதியமுக்கம் என்னும் சொல்லை அறியாத வீடு இன்று அரிது. கற்றோர் குருதியமுக்கம் என்பர். மற்றோர் 'பிரஷர்' என்பர். எப்பெயரால் அழைப்பினும், அதற்கெனக் குளிசை உட்கொள்வோரை எங்கும் காண்கிறோம். அண்மைக் காலத்தில் இன்னொரு செய்தியும் நம் செவிகளுக்கு எட்டியிருக்கிறது. மிகையான உடற்பருமனால் வருந்துவோருக்கு இரைப்பையைச் சிறிதாக்கி, உடல் நிறையைக் குறைக்கும் சத்திரசிகிச்சை செய்யப்படுகின்றது என்பதே அது. பருமனும் பிரஷரும் ஒருவரிடத்திலே கூடியிருக்கும்போது அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. "சத்திரசிகிச்சை செய்து நிறை குறைந்துவிட்டால் பிரஷரும் போய்விடுமா? இனிக் குளிசை வேண்டாமா?" என்பதே அக்கேள்வி.

கேள்வி சிறியது. ஆயினும் அதற்கு நேர்மையான விடை கிடைப்பதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகள் சென்றன. அமுக்கத்தை அளக்கக் கற்றது முதற்படி. நிறைக்கும் அமுக்கத்துக்கும் உள்ள உறவை அறிந்தது இரண்டாம் படி. நிறையைக் குறைக்கும் சத்திரசிகிச்சையைக் கண்டது மூன்றாம் படி. சிகிச்சை செய்தபின் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து, மீண்டும் மீண்டும் அளந்து பார்த்தது நான்காம் படி. இந்த நான்காம் படியே எல்லாவற்றினும் கடினமானது. அதன் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்திலே, தேம்ஸ் நதிக்கரையில், டெடிங்டன் என்றோர் ஊர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் அங்கே வாழ்ந்தார். தேவாலயப் பணியோடு இயற்கை ஆராய்ச்சியிலும் பெருவிருப்பம் கொண்டவர் அவர். வேலைக்கு உதவாதெனக் கொல்லப்படவிருந்த பெண்குதிரை ஒன்றை அவர் கிடத்திக் கட்டினார். அதன் தொடையிலுள்ள நாடியைத் திறந்து பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகினார். அதனோடு 9 அடி நீளமான கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி இணைத்தார். நாடியின் கட்டை அவிழ்த்ததும் குருதி அக்குழாயில் மேலெழுந்து, இதயத்தின் மட்டத்துக்கு மேலே 8 அடி 3 அங்குலம் வரை சென்றது. அங்கே இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறியும் இறங்கியும் நின்றது. 1733 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இச்செய்தியை உலகுக்கு அறிவித்தது. நாடிகளில் ஓடும் குருதி ஓர் அமுக்கத்தோடு ஓடுகிறது என்பதும், அவ்வமுக்கத்தை அளக்க முடியும் என்பதும் அன்றே புலனாயின.

ஆனால் நோயாளியின் நாடியை அறுத்து ஒன்பதடிக் குழாயை நாட்டுதல் நடக்கக்கூடிய காரியமா? முதலிற் குழாயின் உயரம் குறைய வேண்டியிருந்தது. 1828 ஆம் ஆண்டில் பிரான்சிய வைத்தியரான புவாசே, நீரினும் பதின்மூன்றரை மடங்கு பாரமான இரசத்தை ஒரு வளைந்த குழாயில் இட்டு அமுக்கத்தை அளந்தார். அடிக்கணக்கிற் சொன்ன அளவு அதனால் மில்லிமீற்றரிற் சுருங்கிற்று. நமது கிளினிக்குகளிலே 120 என்றும் 160 என்றும் தாதியர் எழுதும் எண்கள், இரசம் எத்தனை மில்லிமீற்றர் ஏறும் என்பதையே குறிக்கின்றன. இரசம் நச்சுப்பொருள் என்பதால் இரசக் கருவிகள் வைத்தியசாலைகளிலிருந்து மெல்ல மெல்ல நீங்கி வருகின்றன. ஆயினும் இரசத்தின் அளவை மட்டும் நீங்கவில்லை.

அடுத்து, நாடியை அறுக்காமல் அளக்கும் வழி வேண்டியிருந்தது. அவ்வழியைச் செம்மையாகக் காட்டியவர் இத்தாலிய வைத்தியரான ரீவா ரொச்சி. 1896 ஆம் ஆண்டில் அவர் மேற்கையைச் சுற்றி ஓர் இறப்பர்ப் பட்டியைக் கட்டி, அதனுட் காற்றை ஊதி, மணிக்கட்டில் நாடித்துடிப்பு மறையும் கணத்தில் இரசம் எங்கே நிற்கிறது என்று நோக்கினார். கருவி எளியது, விலை குறைந்தது, நோயாளிக்கு நோவு இல்லை. 1901 இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஹாவி குஷிங் இத்தாலியின் பாவியா நகரத்திலே இக்கருவியைக் கண்டு, அதன் அமைப்பைக் குறித்துக்கொண்டு, தமது நாட்டுக்குக் கொண்டு சென்றார்.

இங்கே நேயர்கள் ஒரு சிறு செய்தியை நினைவில் இருத்தல் வேண்டும்; உரையின் இறுதியில் அது நமக்குப் பயன்படும். ரீவா ரொச்சியின் பட்டி ஒடுக்கமானது; ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் அகலமே உடையது. ஒடுக்கமான பட்டி தடித்த கையின் ஆழத்திலுள்ள நாடியை நெரிக்க வேண்டுமாயின் மிகுந்த காற்றை ஊத வேண்டும். ஆகவே உண்மையான அமுக்கத்தினும் கூடுதலான எண்ணையே அது காட்டும். இக்குறையை 1901 ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய ஆராய்ச்சியாளரான பொன் ரெக்லிங்ஹவுசன் கண்டு, ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் அகலமான பட்டியைப் புகுத்தினார். பருத்த உடலில் அமுக்கத்தை அளப்பதில் தனியாக ஓர் இடர் உண்டு என்பது இவ்வாறு தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது.

நான்கு ஆண்டுகளின் பின்னர், 1905 இல், ரஷ்ய சத்திரசிகிச்சை வைத்தியரான நிக்கலாய் கொரோத்கோவ், பட்டிக்குக் கீழே நாடியின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காற்றை மெல்ல விடும்போது ஒரு தட்டொலி தோன்றிப் பின்னர் மறைவதை அவர் கண்டறிந்தார். ஒலி தோன்றும் இடம் இதயம் சுருங்கும்போதுள்ள அமுக்கம். ஒலி மறையும் இடம் இதயம் தளரும்போதுள்ள அமுக்கம். சென் பீட்டர்ஸ்பர்க்கிலுள்ள இராணுவ வைத்தியக் கழகத்தில் அவர் அளித்த அறிக்கை ஒரு பக்கத்துக்கும் குறைவானது. மேலெண், கீழெண் என நாம் இன்று கேட்கும் இரண்டு எண்களும் அந்தச் சிறு அறிக்கையின் வழி வந்தவையே.

இனி இரண்டாம் படிக்கு வருவோம். எண் கிடைத்துவிட்டது, அதன் பொருள் என்ன? இதனை முதன்முதலில் ஊக்கத்தோடு ஆராய்ந்தவர்கள் வைத்தியர்கள் அல்லர். ஆயுட் காப்புறுதிக் கம்பனியார். யார் விரைவில் இறப்பார், யார் நெடிது வாழ்வார் என்று அறிவதில் அவர்களுக்குப் பணம் சம்பந்தப்பட்டிருந்தது. 1907 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் மியூச்சுவல் என்னும் கம்பனி, காப்புறுதி கோருவோரின் அமுக்கத்தை அளக்கத் தொடங்கியது. நிறையைப் பற்றிய கணக்குகளையும் அக்கம்பனிகள் திரட்டின. 1959 இல் வெளியான பெரும் ஆய்வு ஒன்றிலே, 26 கம்பனிகளின் ஏறக்குறைய 50 இலட்சம் காப்புறுதிப் பத்திரங்கள் ஆராயப்பட்டன. நிறை கூடியவர்களிடம் அமுக்கமும் கூடியிருந்தது; இரண்டும் கூடியவர்களின் ஆயுள் குறைந்திருந்தது. இலாபத்துக்காக எழுதிய கணக்கு, உலகுக்குப் பொதுவான ஓர் உண்மையைச் சொல்லிற்று.

எனினும், உயர்ந்த அமுக்கத்தைக் குறைக்க வேண்டுமா என்பதிலேயே அக்கால வைத்தியருள் உடன்பாடு இருக்கவில்லை. தடித்துப்போன நாடிகளினூடே குருதியைச் செலுத்துவதற்கு இயற்கை தானே அமுக்கத்தை உயர்த்துகின்றது; அதிலே கைவைத்தல் தீங்காகலாம் என்று பேரறிஞர் சிலரும் கருதினர். 1930களிலும் இக்கருத்து நிலவிற்று. அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் முடிவு அக்கால அறிவின் எல்லையைக் காட்டுகின்றது. 1944 ஆம் ஆண்டில் அவரைப் பரிசோதித்த இளம் வைத்தியரான ஹோவர்ட் புரூன், அமுக்கம் மிக உயர்ந்திருப்பதையும் இதயம் தளர்ந்திருப்பதையும் கண்டார். உப்பைக் குறைத்தனர்; உணவைக் குறைத்தனர்; ஜனாதிபதியின் நிறையும் குறைந்தது. ஆனால் அமுக்கம் குறையவில்லை. 1945 ஏப்ரில் 12 ஆம் தேதி மூளையிற் குருதி பெருகி அவர் உயிர் நீத்தபோது, மேலெண் 300 ஐயும் எட்டியிருந்தது. நாடிகளும் சிறுநீரகங்களும் நெடுங்காலம் பழுதுபட்ட பின்னர் நிறையை மட்டும் குறைத்தால் அமுக்கம் கீழ்ப்படிந்துவிடாது என்பதற்கு அது கண்கண்ட சான்று.

அதே காலத்தில், அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள டியூக் சர்வகலாசாலையில், ஜெர்மனியிலிருந்து புலம்பெயர்ந்து வந்த வோல்டர் கெம்ப்னர் என்னும் வைத்தியர் வேறொரு வழியை நாடினார். அவர் விதித்த மருந்து நமக்கு வியப்பளிக்கும்: சோறு! வெள்ளைச் சோறும் பழமும் சீனியுமே உணவு. உப்பு ஏறக்குறைய முற்றாக விலக்கு. 1942 இல், ஒரு பெண்மணி இரண்டு வாரம் மட்டும் இதனைக் கைக்கொள்ள வேண்டியிருக்க, வைத்தியரின் ஜெர்மானிய உச்சரிப்பைப் பிழையாக விளங்கிக்கொண்டு, இரண்டு மாதம் கைக்கொண்டார் என்று சொல்வர். திரும்பி வந்தபோது அவரது அமுக்கம் பெரிதும் தணிந்திருந்தது. நிறை குறைவதோடு அமுக்கமும் குறையும் என்பதை வைத்தியர் பலர் கெம்ப்னரின் நோயாளரிடம் கண்டனர். ஆனால் உப்பில்லாச் சோற்றை மாதக்கணக்கில் உண்ண எத்தனை பேரால் இயலும்? பத்தியம் முறிந்ததும் நோய் திரும்பியது.

சத்திரசிகிச்சையும் அன்றே இக்களத்திற் புகுந்துவிட்டது என்பதை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். பொஸ்டன் நகரத்து ரெஜினால்ட் ஸ்மித்விக், முதுகெலும்பை அடுத்துச் செல்லும் பரிவு நரம்புகளை வெட்டி அமுக்கத்தைக் குறைக்க முயன்றார். 1940களில் அம்முறை பெருவழக்காயிற்று. பலருக்கு அமுக்கம் குறைந்தது. ஆனால் எழுந்து நின்றதும் மயங்கி விழும் துன்பமும் வந்தது. 1950களில் நல்ல மருந்துகள் கிடைக்கவே, அந்தக் கடுமையான சிகிச்சை கைவிடப்பட்டது. கத்தியால் அமுக்கத்தைத் தணித்தல் எளிது. தணிந்த அமுக்கத்தோடு நோயாளி நலமாக நடமாடச் செய்தலே அரிது என்னும் பாடத்தை அது விட்டுச் சென்றது.

இதற்கிடையில், 1948 ஆம் ஆண்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூரான பிரேமிங்ஹமில் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து ஒரு நெடிய ஆய்வு தொடங்கியது. ஈராண்டுக்கு ஒருமுறை அவர்களை அழைத்து அளந்தனர். 1967 இல் அவ்வாய்வாளர் வெளியிட்ட கட்டுரை, பருமன் கூடக்கூட உயர் குருதியமுக்கம் தோன்றும் வாய்ப்பும் கூடுவதைத் தெளிவாக்கியது. பருத்தவர்களிடம் அமுக்கம் கூடியிருப்பதோடு நில்லாது, பருத்துக்கொண்டு போகிறவர்களிடம் அமுக்கமும் ஏறிக்கொண்டு போகிறது என்பதும் புலனாயிற்று.

நிறை ஏன் அமுக்கத்தை ஏற்றுகின்றது? பல காரணங்கள் ஒருங்கே தொழிற்படுகின்றன. பருத்த உடலுக்குக் குருதி கூடுதலாகச் சுற்ற வேண்டும்; இதயம் மிகுதியாக உழைக்கும். வயிற்றிலுள்ள கொழுப்பு சிறுநீரகங்களைச் சூழ்ந்து நெருக்குவதால், அவை உப்பை வெளியேற்றாது உடலிலே தேக்குகின்றன. பரிவு நரம்புகள் ஓய்வின்றித் தூண்டப்படுகின்றன. நாடிகளைச் சுருக்கும் ஓமோன்கள் மிகுகின்றன. பருத்தோர் பலருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதும் இதற்குத் துணைசெய்கின்றது.

இனி மூன்றாம் படி. உணவுப் பத்தியத்தால் நிறை குறைந்தவர் பலர் அதனை மீண்டும் பெற்றுவிடுவதைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர்கள், குடலையே மாற்றியமைக்கத் துணிந்தனர். 1954 இல் மினசோட்டாவிலிருந்து கிரெமன், லின்னர், நெல்சன் என்னும் மூவர், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாது விலக்கிவிடும் முறையை அறிவித்தனர். நிறை வேகமாகக் குறைந்தது. ஆனால் பின்வந்த ஆண்டுகளில், ஓயாத வயிற்றோட்டம், சிறுநீரகக் கல், மூட்டுவாதம், சிலருக்கு ஈரல் செயலிழத்தல் எனத் தீங்குகள் தொடர்ந்தன. 1980 ஆம் ஆண்டளவில் அம்முறை கைவிடப்பட்டது. முன்னே சிகிச்சை பெற்றவர் பலருக்குக் குடலை மீண்டும் பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று. முதலாண்டின் மகிழ்ச்சியை மட்டும் கொண்டு சத்திரசிகிச்சையை மதிப்பிடலாகாது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

வேறு வழியொன்றை அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வேர்ட் மேசன் கண்டார். புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்ட பெண்கள் மெலிந்தே இருப்பதை அவர் கவனித்தார். 1966 இல் அவரும் சிக்காஷி இத்தோவும் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதனைச் சிறுகுடலோடு நேரே இணைத்தனர். உணவு சிறு பையில் தங்கி, பெரிய இரைப்பையைத் தொடாது குடலுக்குச் செல்லும். பிற்காலத்தில் இம்முறை பலவாறு திருந்தியது. 1991 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய அறிஞர் அவை, மிகக் கடுமையான பருமனுடையோருக்கும், அதனிற் சற்றுக் குறைந்த பருமனோடு நீரிழிவு, உயர் குருதியமுக்கம் போன்ற நோய்கள் உடையோருக்கும் இத்தகைய சிகிச்சை ஏற்றதென அறிவித்தது. 1994 முதலாக வயிற்றைப் பெரிதாகத் திறவாது, சிறு துளைகளின் வழியே செய்யும் முறையும் வந்தது. ஆபத்தும் வலியும் குறைந்தன. சிகிச்சையை நாடுவோர் தொகையும் பெருகிற்று.

இப்போது நம் கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்கியது. 1995 இல் வட கரோலினாவைச் சேர்ந்த வோல்டர் போரீஸ் என்னும் நிபுணர், 14 ஆண்டுகளில் தாம் சிகிச்சை செய்த 608 பேரின் வரலாற்றை வெளியிட்டார். சிகிச்சைக்கு முன்னர் அவர்களுள் நூற்றுக்கு 58 பேருக்கு உயர் குருதியமுக்கம் இருந்தது. பின்னர் நூற்றுக்கு 14 பேருக்கே இருந்தது. செய்தி கேட்ட உலகம் மகிழ்ந்தது.

2004 ஆம் ஆண்டு இக்கதையின் திருப்புமுனை. அவ்வாண்டிலே, சில வார இடைவெளியில், இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. முதலாவது, மினசோட்டாவைச் சேர்ந்த ஹென்றி புக்வோல்ட் தொகுத்தது. 136 ஆய்வுகள், 22,094 நோயாளர். உயர் குருதியமுக்கம் நூற்றுக்கு 62 பேரிடம் நீங்கிவிட்டது என்றது அது. இரண்டாவது, சுவீடன் நாட்டில் லார்ஸ் ஷொஸ்ட்ரோம் தலைமையில் நடந்த ஆய்வு. சிகிச்சைக்கு முன்னர் உயர் குருதியமுக்கம் இருந்தவர்களுள், பத்தாண்டு முடிவில் நூற்றுக்கு 19 பேரே அதிலிருந்து விடுபட்டிருந்தனர் என்றது அது. ஒன்று 62, மற்றது 19. இரண்டும் அறிஞர்களின் ஆய்வே. இரண்டும் மதிப்புடைய ஏடுகளில் வந்தவையே. எதனை நம்புவது?

சுவீடன் ஆய்வு நடந்த முறையை அறிந்தால் விடை தெளியும். 1987 இல் அது தொடங்கியது. சீட்டுக் குலுக்கல் போல நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மட்டும் சத்திரசிகிச்சை செய்தலே திருத்தமான முறை. ஆனால் அக்காலத்துச் சத்திரசிகிச்சையில் உயிராபத்து மிகுதி என்று கருதி, ஒழுக்கநெறிக் குழுவினர் அதற்கு இசையவில்லை. ஆகவே சிகிச்சையை விரும்பி ஏற்ற 2,010 பேரையும், அவர்களைப் போன்றே வயதும் பருமனும் பிற இயல்புகளும் உடைய 2,037 பேரையும் ஒப்பிட்டுப் பின்தொடர்ந்தனர். இரண்டாம் ஆண்டிலே சிகிச்சை பெற்றோரின் நிறை நூற்றுக்கு 23 பங்கு குறைந்திருந்தது. அவர்களுள் உயர் அமுக்கம் இருந்தவரில் நூற்றுக்கு 34 பேர் அதிலிருந்து விடுபட்டிருந்தனர். பத்தாம் ஆண்டிலோ நிறைக்குறைவு 16 பங்காகச் சுருங்கியது; விடுபட்டோர் தொகையும் 19 ஆகச் சுருங்கியது. சிகிச்சை பெறாதோரில் இவ்வெண்கள் 21 உம் 11 உம் ஆகும். ஆகவே சத்திரசிகிச்சையாற் பயன் இல்லை என்பது பிழை, பயன் உண்டு. பெற்ற பயன் முழுவதும் நிலைத்து நிற்கும் என்பதும் பிழை. ஒரு பகுதியே நிற்கின்றது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தொடக்கத்தில் உயர் அமுக்கம் இல்லாதவர்களிடம் அது புதிதாகத் தோன்றுவதை, நீரிழிவைத் தடுத்தது போல, இச்சிகிச்சை தடுத்ததாகத் தெரியவில்லை.

இரண்டு எண்களும் முரண்பட்டதன் காரணம் இனி விளங்கும். புக்வோல்ட் தொகுத்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை குறுகிய காலமே நோயாளரைப் பின்தொடர்ந்தவை. ஒப்பிடுவதற்கு வேறொரு கூட்டம் இல்லாதவை. சுவீடன் ஆய்வோ பத்தாண்டு காத்திருந்தது. அன்றியும், சுவீடனில் 1,369 பேருக்குச் செய்தது இரைப்பையை ஒடுக்கும் பழைய முறை. மேசன் தொடங்கிய மாற்றுவழி முறை 265 பேருக்கே செய்யப்பட்டது. வயது ஏறுவதும் தன் வேலையைச் செய்தது. பத்தாண்டு மூத்த நாடிகள் பத்தாண்டு முன்னிருந்தவை ஆகா. ஆயினும் 2007 இல் அதே ஆய்வு இன்னொரு செய்தியையும் தந்தது. ஏறக்குறைய 11 ஆண்டுகளில், சிகிச்சை பெறாதோருள் 129 பேரும் பெற்றோருள் 101 பேரும் இறந்திருந்தனர். அமுக்கம் ஒரு பகுதி திரும்பி வந்தபோதும், சிகிச்சை உயிர்களைக் காத்தது.

கடைசியாகப் பிரேசிலுக்குச் செல்வோம். சாவோ பாவ்லோ நகரத்தில், கார்லோஸ் ஷியவோன் என்னும் நிபுணரும் குழுவினரும், உயர் குருதியமுக்கத்துக்கு இரண்டுக்குக் குறையாத மருந்துகள் உட்கொண்ட, பருமனுடைய 100 பேரை, சுவீடனில் இயலாத அந்தக் குலுக்கல் முறையாலேயே இரு கூறாக்கினர். 50 பேருக்கு இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையும் மருந்தும். 50 பேருக்கு மருந்து மட்டும். 2018 இல் வெளியான முடிவு இது: ஓராண்டில், அமுக்கம் 140க்கும் 90க்கும் கீழே நிற்க, மருந்தை மூன்றிலொரு பங்களவு குறைக்க முடிந்தவர்கள் முதற்கூறில் நூற்றுக்கு 84 பேர், மற்றதில் 13 பேர். முதற்கூறினருட் பாதிப் பேர் மருந்தே இன்றி நல்ல அமுக்கத்தோடு இருந்தனர். 2024 இல் ஐந்தாண்டு முடிவு வெளியானபோதும், ஏறக்குறைய அதே பங்கினர் அந்நிலையில் இருந்தனர்.

இங்கே ஒரு விந்தையையும் கூற வேண்டும். சத்திரசிகிச்சை செய்த முதல் வாரத்திலேயே, நிறை பெரிதாகக் குறையுமுன்னரே, அமுக்கம் இறங்கத் தொடங்குவதுண்டு. உணவும் உப்பும் திடீரெனக் குறைவதும், குடலின் ஓமோன்கள் மாறுவதும், சிறுநீரகம் உப்பை வெளியேற்றுவதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. இதிலே நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. பழைய அளவிலேயே குளிசைகளை, சிறப்பாகச் சிறுநீர் பெருக்கும் குளிசைகளை, தொடர்ந்து உட்கொண்டால் உடலில் நீர் வற்றி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ நேரலாம். ஸ்மித்விக்கின் நோயாளர்கள் பட்ட துன்பம் இன்னொரு வடிவில் வந்துவிடும். ஆகவே வைத்தியர் ஆரம்ப வாரங்களில் அடிக்கடி அளந்து மருந்தைக் குறைப்பார். ஆனால் அதனைக் குறைப்பவர் வைத்தியராக இருக்க வேண்டும். நோயாளி தாமே நிறுத்திவிடலாகாது.

இனி, நினைவில் இருத்துமாறு நான் வேண்டிய அந்தப் பட்டிக்கு வருவோம். பருத்த கையிற் சிறு பட்டியைக் கட்டினால் எண் பொய்யாக உயரும் என்பதை 1901 இலேயே அறிந்தோம் அல்லவா? 2023 இல் அமெரிக்காவின் போல்டிமோர் நகரத்து ஆய்வொன்று அதனை எண்ணாற் காட்டிற்று. மிகப் பெரிய பட்டி தேவைப்படுவோருக்குச் சாதாரணப் பட்டியைக் கட்டியபோது, மேலெண் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் கூடுதலாகக் காட்டியது. இதன் பொருள் என்ன? சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஒரு பெண்மணியின் பருத்த கையிற் சிறு பட்டியைக் கட்டி அளக்கிறார்கள், எண் 160. ஓராண்டின் பின்னர் கை மெலிந்துவிட்டது, அதே பட்டி இப்போது பொருத்தமாக அமைகிறது, எண் 135. வீட்டார் மகிழ்கின்றனர். அந்த இறக்கத்திற் பெரும்பங்கு உடலில் நிகழ்ந்தது அன்று, பட்டியில் நிகழ்ந்தது. மறுதலையாக, பெரிய பட்டியை மெலிந்த கையில் இன்னும் கட்டிக்கொண்டிருந்தால், உள்ளதினும் குறைந்த எண் கிடைக்கும். தேவையான மருந்து நிறுத்தப்பட்டுவிடும். காற்றுப்பையின் நீளம் கையின் சுற்றளவில் நூற்றுக்கு 80 பங்கேனும், அகலம் 40 பங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கையை அளந்து, கைக்கேற்ற பட்டியைத் தெரிவு செய்தாலன்றி, முன் எண்ணையும் பின் எண்ணையும் ஒப்பிடுதல் வீண்.

நேயர்களே, நாம் தொடங்கிய கேள்விக்கு இனி விடை கூறலாம். நிறை குறைந்தால் அமுக்கம் குறையுமா? பெரும்பாலோருக்குக் குறையும். எல்லோருக்கும் குறையுமா? இல்லை, ரூஸ்வெல்ட்டின் கதையை நினைவு கூருங்கள். குறைந்தது நிலைக்குமா? சிலருக்கு முற்றாக நிலைக்கும். பலருக்கு ஒரு பகுதி திரும்பும். எனவே சத்திரசிகிச்சை, நோயினின்றும் தரப்படும் விடுதலைப் பத்திரம் அன்று. நெடுங்காலப் பாதையில் ஒரு நல்ல தொடக்கம். அப்பாதையில் ஆண்டுதோறும் அளத்தலை நிறுத்தாதவரே பயனை இழவாது செல்வர்.

குதிரையின் குருதி கண்ணாடிக் குழாயில் ஏறியதைக் கண்ட ஹேல்ஸ் பாதிரியார், அது ஏறிய உயரத்தை எழுதியதோடு நில்லாது, ஏறியும் இறங்கியும் நின்றதையும் கவனித்து எழுதினார். முதன்முதலில் அளந்தவரே, அமுக்கம் ஒரு நிலையில் நில்லாதது என்று கண்டுவிட்டார். சத்திரசிகிச்சை முடிந்து, புதிய உடைகளை அணிந்து, இலேசான உடலோடு வீடு திரும்பும் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருப்பாராயின், அவருடைய மகிழ்ச்சியிலே பங்குகொள்ளுங்கள். அதனோடு, அடுத்த கிளினிக் நாள் எப்போது என்றும் அன்போடு கேட்டு வையுங்கள்.